டெலிபோனில் வந்த ‘அன்டுவோர்ட்’

எழுபதுகளின் நடுவில், ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் சாலையில் இருந்த ஒரு வார்ப்பட ஆலையில் எனக்கு வேலை கிடைத்தது. அடிபம்புக்கு வேண்டிய இரும்புப் பாகங்களை அங்கே உருக்கி வார்ப்பார்கள். டைப்பிஸ்ட் என்றுதான் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் ஆபீஸில் இருந்த ஒரே ஆள் நான்தான் என்பதால் டெலிபோன், லாரி, வருகிறவர் போகிறவர் எல்லாம் என் பொறுப்பாகிவிட்டது.

மேனேஜர் மெட்ராஸில் இருந்தார். வாரத்தில் இரண்டு மூன்று நாள்தான் ஆலைக்கு வருவார். வராத நாட்களில் காலையில் டிரங்க் கால் போடுவார். ஸ்ரீபெரும்புதூர் எக்ஸ்சேஞ்சில் இருந்த பெண் முதலில் எனக்கு மணியடித்து, “மெட்ராஸ் கால், பேசுங்க” என்பாள். அவளை நான் பார்த்ததில்லை. சளி பிடித்த மாதிரி கொஞ்சம் கம்மிய குரல். அவ்வளவுதான் தெரியும்.

வேலைக்குச் சேர்ந்து முதல் டிரங்க் கால் வந்த அன்று ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். செங்கல்பட்டில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் விடுதியில் தங்கிப் படித்தவள் நான். இங்கிலீஷ் எழுத வரும், படிக்க வரும். டெலிபோனில் இரைச்சலுக்கு நடுவே ஒரு ஆண் குரல் பேசும் இங்கிலீஷ் வேறு சமாசாரம். மேனேஜர் குட் மார்னிங் சொல்லிவிட்டு உடனே, “எனிதிங் அன்டுவோர்ட்?” என்றார்.

என் காதில் அது ‘ஆன்வர்ட்’ என்று விழுந்தது. சரக்கு ஏதாவது மேற்கொண்டு போயிருக்கிறதா என்று கேட்கிறார் என நினைத்தேன். அன்று காலைதான் இரண்டு லாரி கிளம்பியிருந்தது.

“யெஸ் சார். டூ, சார்” என்றேன்.

“டூ? எனிபடி ஹர்ட்?” என்று கேட்டார்.

யாருக்கு எதற்கு அடிபடவேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. பயத்தில் தமிழ் வந்துவிட்டது. “இல்லை சார். ஒண்ணு பெங்களூர் போயிருக்கு. ஒண்ணு மெட்ராஸுக்குத்தான் வருது.”

“எது பெங்களூர் போயிருக்கு?”

“லோடு சார்.”

லைனில் யாரோ சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்டது. மேனேஜர் இல்லை, எக்ஸ்சேஞ்ச் பெண். மேனேஜர் நீளமாக மூச்சு விட்டார். அப்புறம் கோபமே இல்லாமல், ஒவ்வொரு எழுத்தாக அந்தச் சொல்லைச் சொன்னார். இனி தினமும் இதைத்தான் கேட்பேன், ஒன்றும் இல்லையென்றால் ‘நத்திங் அன்டுவோர்ட்’ என்று சொன்னால் போதும் என்றார். இன்னொருவராக இருந்தால் அன்றைக்கே என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார். அந்த மனிதருக்கு நான் பட்ட கடன்களில் அதுதான் முதலாவது.

எழுத்துக்கூட்டத் தெரிந்ததே ஒழிய பொருள் தெரியவில்லை. மத்தியானம் கேன்டீனில் ஃபோர்மேனிடம் கேட்டேன். நாகர்கோவில் பக்கத்துக்காரர், என்னைப் போலவே கிறிஸ்துவர். ஆனால் நாங்கள் மாதா கோவில், அவர் சி.எஸ்.ஐ. நாற்பதை நெருங்கியும் கல்யாணம் செய்துகொள்ளாதவர். பேப்பரில் கலவரம் நடந்த ஊரைப் பற்றி எழுதும்போது ‘அசம்பாவிதம் எதுவும் நிகழவில்லை’ என்று போடுவார்களே, அதுதான் என்றார். எங்களுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்த கேன்டீன் அக்கா அதை ஒத்துக்கொள்ளவில்லை. ஆலைக்குப் பக்கத்து ஊர்க்காரி, ஐந்து பிள்ளை பெற்றவள்.

“ஏடாகூடமா எதுனா ஆச்சான்னு கேக்கறாரு. அத்த கேக்கறதுக்கு இன்னாத்துக்கு அவ்ளோ நீட்டு வார்த்த?” என்றாள்.

அதன்பிறகு பல நாள் அந்தச் சொல்லுக்குச் சரியான தமிழ் எது என்று எங்களுக்குள் பேச்சு ஓடியது. விபரீதம் என்றால் ரொம்பப் பெரிதாகிவிடுகிறது. அசம்பாவிதம் என்றால் போலீஸ் வந்து நிற்கிறது. ஏடாகூடத்தில் கொஞ்சம் சிரிப்பு கலந்திருக்கிறது. ஃபோர்மேன் ஒரு டிக்‌ஷனரியைப் பார்த்துவிட்டு வந்து, அனுகூலம் இல்லாதது, சங்கடமானது என்றெல்லாம் போட்டிருக்கிறது என்றார். எனக்கு அந்தச் சொல்லின் நடுவே ஒளிந்திருந்த ‘டுவோர்ட்’தான் பிடித்திருந்தது. நோக்கி என்று அதற்குப் பொருள். நாம் பாட்டுக்கு ஒன்றை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும்போது குறுக்கே வந்து நிற்கிற வேண்டாத ஒன்று. அப்படித்தான் நான் மனதில் வைத்துக்கொண்டேன்.

ஆனால் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பது பொருள் தெரிந்ததால் மட்டும் வந்துவிடவில்லை. வார்ப்பு மணல் குவியலில் ஒரு நாள் சாரைப்பாம்பு இருந்தது. சொன்னேன். யாரையாவது கடித்ததா என்று மேனேஜர் கேட்டார். இல்லை, ஓடிவிட்டது என்றேன். அப்படியானால் அது அன்டுவோர்ட் இல்லை, பாம்பு என்றார். கரண்ட் போனதைச் சொன்னேன். தினமும் போவது அந்தக் கணக்கில் வராது என்றார். மணல் சலிக்கும் பெண் ஒருத்தி லேத் ஓட்டும் பையனோடு திருநீர்மலைக்குப் போய் மாலை மாற்றிக்கொண்டு வந்தபோது இரண்டு வீட்டு ஆட்களும் கேட்டில் வந்து நின்று கத்தினார்கள். அதையும் சொன்னேன். அது அவர்கள் சொந்த விஷயம், நாளைக்கு இரண்டு பேரும் வேலைக்கு வருவார்களா என்று மட்டும் கேட்டுச் சொல் என்றார். வந்தார்கள்.

இப்படிச் சின்னச் சின்னதாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தத் தீக்காயம் நடந்தது.

உலையிலிருந்து உருகின இரும்பைக் கரண்டியில் பிடித்து அச்சில் ஊற்றும்போது ஒரு துளி தெறித்து, வார்ப்புக்காரர் ஒருவரின் பாதத்தில் விழுந்தது. எல்லாரையும் போல அவரும் ரப்பர் செருப்புதான் போட்டிருந்தார். செருப்பின் வாரோடு சேர்ந்து சதை வெந்துவிட்டது. முதலுதவிப் பெட்டியில் இருந்த களிம்பைத் தடவி, ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்கு சைக்கிளில் உட்காரவைத்து அனுப்பினார்கள். மறுநாள் காலை டெலிபோன் மணி அடிக்கும் முன் ஃபோர்மேன் என் மேஜை அருகே வந்து நின்றார்.

“ஒலைன்னு இருந்தா தெறிக்கத்தான் செய்யும். மாசத்துக்கு ரெண்டு பேருக்கு ஆகுத காரியம். அதப் போயி பெரிசா சொல்லாதீங்கம்மா” என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. தானே பல தடவை சுட்டுக்கொண்டவர். கணுக்காலில் வட்ட வட்டமாகத் தழும்பு இருக்கும். தினமும் நடப்பது கணக்கில் வராது என்று மேனேஜர் சொன்னதும் எனக்கு நினைவிருந்தது. கரண்ட் போவதும் கால் வேவதும் ஒன்றா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். மணி அடித்தது. வழக்கமான கேள்வி வந்தது.

“யெஸ் சார்” என்றேன்.

அன்று சாயங்காலத்துக்குள் மேனேஜர் கார் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். காயம்பட்டவரின் வீட்டுக்குப் போனார். பிறகு உலைப்பக்கம் நின்று ஒவ்வொருவரின் கால்களையும் பார்த்தார். யாரையும் ஒரு வார்த்தை திட்டவில்லை. கொஞ்ச நாளில், முன்பக்கம் தோல் மடிப்பு வைத்துத் தைத்த பூட்ஸ் எல்லாருக்கும் வந்தது. ஃபோர்மேன் என்னோடு பேசாமல் இரண்டு நாள் இருந்தார். பூட்ஸ் வந்த அன்று முதல் ஜோடியைத் தானே மாட்டிக்கொண்டு ஆபீஸ் வாசலில் வந்து, காலைத் தட்டிக் காட்டிவிட்டுப் போனார். அதற்கப்புறம் உலைப்பக்கம் யாருக்காவது ஏதாவது ஆனால், “போன்ல சொல்லியாச்சா?” என்று முதலில் கேட்கிறவர் அவர்தான்.

அடுத்த வருஷம் எனக்குக் கல்யாணம் ஆனது. என் வீட்டுக்காரர் பிரைவேட் பஸ்ஸில் கண்டக்டர். வாலாஜாபாத்திலிருந்து ஒரகடம் வழியாக சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வரை போய்த் திரும்பும் வண்டி. பென்னலூரில் வாடகைக்கு வீடு பார்த்துக் குடியேறினோம். வயிற்றில் பிள்ளை தங்கியபிறகும் நான் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன். டிசம்பர் நடுவில் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். நவம்பர் முடிந்ததும் லீவு எடுத்து அம்மா வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு.

நவம்பரில் மழை பிடித்துக்கொண்டது. விடாமல் கொட்டியது. அன்று காலை நான் ஆலைக்குப் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்து, சாலையில் ஆலைக்கு இரண்டு பக்கமும் இருந்த தரைப்பாலங்கள் தண்ணீருக்குள் போய்விட்டதாகச் செய்தி வந்தது. வார்ப்புக் குழிக்குள்ளும் தண்ணீர் ஊறியிருந்தது. ஈரத்தில் உருகின இரும்பை ஊற்றினால் வெடித்துவிடும். அதனால் உலையை மூட்டவில்லை. வந்தவர்கள் வீட்டுக்கும் போக முடியாமல் கேன்டீனில் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

முந்தின நாளிலிருந்தே எனக்கு இடுப்பில் ஒரு வலி விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. சூட்டுவலி என்று நினைத்து வெந்தயத்தை விழுங்கிவிட்டு வந்திருந்தேன். ஆபீஸில் நாற்காலியிலிருந்து எழுந்தபோது புடவை நனைந்தது. கேன்டீன் அக்காவைக் கூப்பிட்டேன். அவள் வந்து ஒரு பார்வை பார்த்தாள்.

“இது சூடும் இல்ல ஒண்ணும் இல்ல. புள்ள வர்து” என்றாள்.

ஆபீஸை ஒட்டி, நடுவில் பலகைச் சுவர் மட்டும் வைத்து, மரத்தில் அச்சுருவம் செதுக்கும் அறை இருந்தது. ஆலையிலேயே ஈரம் படாத இடம் அது ஒன்றுதான். மேஜைகளைச் சேர்த்துப் போட்டு, மணல் சலிக்கும் பெண்கள் தங்கள் மாற்றுப் புடவைகளை எடுத்துவந்து விரித்தார்கள். அறையெல்லாம் தேக்குத்தூள் வாசனை. இன்றைக்கும் தச்சுப்பட்டறையைத் தாண்டும்போது அந்த வாசனை வந்தால் எனக்கு அடிவயிறு ஒருமுறை இறுகித் தளரும்.

ஆண்களை வெளியே தள்ளிவிட்டார்கள். ஃபோர்மேன் மட்டும் ஆபீஸுக்குள் போய் டெலிபோனைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். ஆஸ்பத்திரி ஜீப் கிடைக்குமா என்று கேட்கத்தான் எடுத்தார். எக்ஸ்சேஞ்ச் பெண் விஷயத்தைக் கேட்டுவிட்டு, ஜீப் வந்தாலும் தண்ணீரைத் தாண்டாது, போனை வைக்காதீர்கள் என்று சொல்லி, ஸ்ரீபெரும்புதூர் அரசு ஆஸ்பத்திரி நர்ஸைப் பிடித்து இணைத்துவிட்டாள். அதன்பின் நடந்தது இப்படி: பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஃபோர்மேன், அவர் காதில் நர்ஸ், இந்தப் பக்கம் கேன்டீன் அக்கா.

நர்ஸ் கேட்பதை ஃபோர்மேன் வாய்விட்டுச் சொல்லவேண்டும். பாவம், அந்த மனிதருக்குச் சில சொற்கள் வாயில் வரவே இல்லை. பனிக்குடம் என்பதற்குப் பதில் “அது ஒடஞ்சிட்டான்னு கேக்காங்க” என்பார். எது என்று அக்கா கத்துவாள். வலியின் நடுவிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. மணல் சலிக்கும் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் கூச்சமெல்லாம் அவரை விட்டுப் போய்விட்டது. தண்ணீரைக் கொதிக்க வை, புது பிளேடைப் போட்டு எடு, நூலையும் போடு, இப்போது முக்கச் சொல்லாதே, இப்போது முக்கச் சொல் என்று உலைப்பக்கத்தில் ஆணை கொடுக்கிற அதே குரலில் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

இதற்கு நடுவே மெட்ராஸ் கால் வந்தது. எக்ஸ்சேஞ்ச் பெண் நர்ஸை ஒரு நிமிஷம் நிறுத்திவைத்து மேனேஜரை இணைத்தாள். அவரது கேள்வி எனக்குக் கேட்கவில்லை. தினமும் கேட்பதைத்தான் கேட்டிருப்பார். ஃபோர்மேனின் பதில் கேட்டது.

“யெஸ் சார். அன்டுவோர்ட் சார். டெலிவரி சார்.”

எந்த பார்ட்டிக்கு டெலிவரி என்று மேனேஜர் கேட்டாராம். ஃபோர்மேன் பிற்பாடு என்னிடம் சொன்னது. நம் டைப்பிஸ்ட் பெண்ணுக்குத்தான், பக்கத்து ரூமில், இப்போது என்று இவர் சொன்னதும் மேனேஜர் நாற்காலியிலிருந்து எழுந்த சத்தம் போனில் கேட்டதாம். கூட யார் இருக்கிறார்கள், நர்ஸ் என்ன சொன்னாள் என்று விசாரித்துவிட்டு அவர் இப்படிச் சொன்னார்: “தப்பாக ஏதாவது நடந்தால்தான் அந்த வார்த்தை. இதுவரைக்கும் ஒன்றும் தப்பாகவில்லையே. அந்தப் பெண் காதில் விழும்படி இனி அதைச் சொல்லாதே. லைனை நான் பிடித்துக்கொண்டிருக்கக்கூடாது.” சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மத்தியானச் சாப்பாட்டு வேளைக்கு முன்பாகவே பிள்ளை பிறந்தது. பெண். தலை வந்தபோது தொப்புள்கொடி கழுத்தில் சுற்றியிருந்தது. அக்காவின் கை ஒரு கணம் நின்றதை நான் பார்த்தேன். முகத்தில் ஒன்றும் காட்டாமல், “கொடி கழுத்துல கீது, கேளு சார்” என்று மட்டும் சுவரைப் பார்த்துச் சொன்னாள். ஃபோர்மேன் கேட்டார். விரலை உள்ளே விட்டுத் தளர்த்தித் தலைக்கு மேலாகக் கழற்று, இழுக்காதே என்று பதில் வந்தது. அக்கா அப்படியே செய்தாள். அப்புறமும் குழந்தை அழவில்லை. முதுகைத் துணியால் அழுத்தித் தேய்க்கச் சொல்கிறார்கள் என்று ஃபோர்மேன் சொன்னார். அக்கா தேய்த்தாள். மழைச்சத்தம் மட்டும் கேட்டது. நான் மாதாவைக் கூப்பிட்டேனா, அம்மாவைக் கூப்பிட்டேனா தெரியாது.

குழந்தை அழுதது. சுவருக்கு அந்தப் பக்கம் ஃபோர்மேன் டெலிபோனில், “கேட்டுதா சிஸ்டர்? கேட்டுதா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். நர்ஸுக்கு முன்னால் எக்ஸ்சேஞ்ச் பெண்தான், “கேட்டுச்சு சார்” என்றாளாம்.

அவள் அதோடு விடவில்லை. என் வீட்டுக்காரர் எந்த பஸ்ஸில் போகிறார் என்று ஃபோர்மேனிடம் கேட்டுக்கொண்டு, வாலாஜாபாத் தபாலாபீஸுக்குப் பேசி, தந்தி கொண்டுபோகும் ஆளை பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பச் செய்திருக்கிறாள். என் வீட்டுக்காரர் அங்கே வண்டியை நிறுத்திவிட்டு மழை விடக் காத்துக்கொண்டிருந்தார். ஒரகடம் வரை ஒரு செங்கல் லாரியில் வந்து, மிச்சத் தூரத்தை டிக்கெட் பையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, மார்பளவுத் தண்ணீரில் இறங்கி நடந்து வந்தார். உள்ளே வந்து குழந்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வெளியே போய் ஃபோர்மேன் எதிரே நின்றார். வார்ப்புக் குழியிலிருந்து ஆட்கள் வாளியால் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார்கள். காக்கிச் சட்டையோடு குழிக்குள் இறங்கி, யாரும் கேட்காமலே ஒரு வாளியை வாங்கிக்கொண்டு, வெளிச்சம் மங்கும்வரை அவர்களோடு இறைத்தார். ஃபோர்மேன் போதும் என்று சொன்னபோதும் ஏறி வரவில்லை.

தண்ணீர் வடிந்தபிறகு டிராக்டரில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அக்கா குழந்தையைத் தன் மடியை விட்டு இறக்கவில்லை. அந்த நர்ஸை அங்கே பார்த்தேன். வயதில் என்னைவிடச் சின்னவள். கொடி சுற்றியிருக்கிறது என்று கேட்டதும், பயம் குரலில் தெரியாமல் இருக்க மேஜையைப் பிடித்துக்கொண்டதாகச் சொன்னாள். எக்ஸ்சேஞ்ச் பெண் ஒரு ஞாயிற்றுக்கிழமை கைநிறைய வளையலும் கிலுகிலுப்பையும் வாங்கிக்கொண்டு பென்னலூருக்கு வந்தாள். வாசலில் நின்று, “வீடு இதுதானுங்களா?” என்று அவள் கேட்டதுமே நான் உள்ளிருந்து எழுந்து ஓடினேன். சளியெல்லாம் ஒன்றும் இல்லை, பிறந்ததிலிருந்தே குரல் அப்படித்தானாம்.

லீவு முடிந்து வேலைக்குத் திரும்பியபோது பிள்ளையை எங்கே விடுவது என்ற கவலை எனக்கு இருந்தது. கேன்டீன் அக்கா எனக்கு முன்பே அதைத் தீர்த்துவைத்திருந்தாள். அரிசி மூட்டை அடுக்கும் மூலையில் உத்தரத்தில் புடவையால் தூளி கட்டியிருந்தாள். மேனேஜரிடம் கேட்கவேண்டாமா என்றேன். அவர்தான் கயிறு புதிதாக வாங்கச் சொல்லிக் காசு கொடுத்தார் என்றாள். பூட்ஸ் போட்ட ஆட்கள் டீ குடிக்க வரும்போது வாசலிலேயே பூட்ஸைக் கழற்றிவிட்டு வந்தார்கள். தூங்குகிற பிள்ளை எழுந்துவிடும் என்று.

நான் டெலிபோனுக்கும் டைப்புக்கும் நடுவே ஓடிவந்து பால் கொடுத்துவிட்டுப் போவேன். மற்ற நேரமெல்லாம் மகள் அங்கே யார் கையிலாவது இருப்பாள். அந்த கேன்டீனில்தான் தவழ்ந்தாள். ஒரு நாள் மத்தியானம், பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றவள் கையை விட்டுவிட்டு, சாப்பிட்டுக்கொண்டிருந்த ஃபோர்மேனை நோக்கித் தானாக நடந்து போனாளாம். எச்சில் கையோடு அவர் அப்படியே உட்கார்ந்திருந்தாராம், தொடவும் முடியாமல், எழவும் முடியாமல். அக்காதான் ஆபீஸ் ஜன்னலுக்கு ஓடிவந்து என்னைக் கூப்பிட்டாள். நான் போய்ச் சேர்வதற்குள் பிள்ளை அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தது. சுற்றியிருந்த ஆட்கள் யாரும் சோற்றைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.